மூன்றாவது சாக்கு

ஜேசங்பாய் சௌத்ரிக்கு அறுபது வயதில் ஒரு போர்டு கிடைத்தது. பச்சைத் தகரம், இரண்டு இரும்புக் கால்கள். மேலே ‘நானோ யூரியா செயல்விளக்க வயல்’ என்றும், கீழே அவருடைய பெயரும் எழுதியிருந்தது. ஊரில் அதற்கு முன்னால் பெயர் எழுதின போர்டு ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கோயில் கோபுரத்துக்குப் பளிங்குக்கல் கொடுத்தவர், செத்தும் போய்விட்டார். ஆகையால் உயிரோடு இருக்கும்போதே போர்டு வாங்கின ஜேசங்பாய், தினமும் காலையில் வயலுக்குப் போனதும் தோள்துண்டால் போர்டைத் துடைத்துவிட்டுத்தான் கோதுமையைப் பார்ப்பார். சிரிக்க வேண்டாம். நமக்குக் கிடைத்தால் நாமும் துடைப்போம்.

போர்டை நட்டவர் தாலுகா கூட்டுறவுச் சங்கத்து மக்வானா சாகேப். முப்பது வயது, கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். எட்டு பிகா நிலத்தை நடுவில் வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் நாலு பிகாவுக்கு வழக்கம் போல மூட்டை யூரியா. அந்தப் பக்கம் நாலு பிகாவுக்கு விதைக்கும்போது போட்ட அடியுரமும் தொழுவுரமும் மட்டும். அதற்கு மேல் யூரியா மூட்டையே கூடாது, பதிலுக்குப் பாட்டில். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பதைத் தண்ணீரில் கலந்து இரண்டு தடவை இலைமேல் தெளிக்க வேண்டும்.

“துகள் அவ்வளவு பொடிசு காகா, கண்ணாடி போட்டாலும் தெரியாது. இலையில இருக்கிற துவாரம் வழியா நேரா உள்ள போயிடும்” என்றார் சாகேப். “நாம மண்ணுல கொட்டற யூரியாவுல பயிர் திங்கறது கொஞ்சம்தான். மிச்சம் காத்துல போகுது, இல்ல போர் தண்ணிக்குள்ள இறங்குது. அதைத்தான் குடிக்கிறோம்.”

“அப்ப இது வேலை செய்யுதா?”

“செய்யுதா இல்லையான்னு பாக்கத்தானே உங்க வயலு. சிலர் ஆமாங்கறாங்க, சிலர் இல்லைங்கறாங்க. நீங்க ஒண்ணும் ஜெயிச்சுக் காட்ட வேணாம் காகா, சொன்னபடி செஞ்சா போதும்.”

சொன்னபடி செஞ்சா போதும். அது ஒன்றுதான் ஜேசங்பாய் காதில் சரியாக விழவில்லை.

முதல் தெளிப்புக்கு டிரோன் வந்தது. பக்கத்து ஊர் ஜாகிருதிபென் அதை ஓட்டினாள், ஊரே வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தது. அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், முகத்தை முழுக்க மறைத்த முக்காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சமுபென், ஜேசங்பாயின் தம்பி மனைவி.

தம்பி விர்சங் சூரத்தில் வைரம் பட்டை தீட்டுகிறான். ஊரில் அவனுக்கு மூன்று பிகா, அண்ணன் வயலுக்கு அடுத்ததே. அதை உள்ளூர் விவசாயி வால்ஜியிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு, சமுவையும் சூரத் ஒற்றை அறைக்குக் கூட்டிப்போவது என்று விர்சங் தீர்மானித்திருந்தான். சமு மறித்தாள். “ஒரே ஒரு போகம் என் கையில குடுங்க. விளையலைன்னா ஹோலி அன்னைக்கு நானே பெட்டியைக் கட்டறேன்.” இது ஊருக்கே தெரியும். வால்ஜிக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

ஜேட்ஜி, அதாவது கணவனின் அண்ணன், எதிரில் வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முக்காட்டை மார்புவரை இழுத்துவிடுவார்கள், அவரோடு பேசவும் மாட்டார்கள். அந்த முக்காட்டுக்கு லாஜ் என்று பெயர். வெட்கத்துக்கும் லாஜ் என்றுதான் பெயர். மானம் போனால் லாஜ் போச்சு என்போம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படியோ பிழைப்பை ஓட்டுகிறோம். சமு இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். ஜேசங்பாய் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவருடைய மனைவி ஜம்குபென் காதில் கேட்பாள். மூன்றடி தூரத்தில் நிற்கிற ஆளுக்குத் தபால் போட்ட மாதிரி, கேள்வி ஜம்கு வழியாகப் போய், பதிலும் ஜம்கு வழியாக வரும்.

அப்படித்தான் அன்றும் ஒரு தபால் வந்தது.

“சமு கேக்கறா, அவளும் மேலுரத்துக்கு மூட்டையே போடாம பாட்டிலே அடிக்கலாமான்னு” என்றாள் ஜம்கு. “டிரோன் வேணாமாம், முதுகுப் பம்புல தானே அடிச்சுக்கறாளாம். மண்டலில அவ பேருக்கு வந்த மூணு மூட்டையை வேண்டாம்னு சொல்லிடலாமான்னு கேக்கறா.”

ஜேசங்பாய் மீசையைத் தடவினார். “கண்ணை மூடிக்கிட்டு செய்யச் சொல்லு. நான் இருக்கேன்ல?”

முக்காடு ஒரு தடவை அசைந்தது. சமு ஊர்க் கூட்டுறவு மண்டலிக்குப் போய்த் தன் மூன்று மூட்டைகளையும் விட்டுக்கொடுத்தாள். அந்த வருஷம் யூரியாவுக்கு எப்படி வரிசை நின்றது என்று தெரிந்தவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று புரியும்.

தை பிறப்பதற்கு முன்னால், பாட்டில் பக்கத்துக் கோதுமை மற்றப் பக்கத்தைவிட ஒரு சாயல் வெளுத்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மக்வானா சாகேப் போனில், “பத்து நாள் பொறுங்க காகா, இன்னொரு தெளிப்பு இருக்கு. அப்பவும் வெளுத்தா வெளுத்துதுன்னு எழுதிக்குவோம், அதுவும் பலன்தான்” என்றார். ஜேசங்பாயும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார், வால்ஜி அந்த வழியாகச் சைக்கிளில் வரும்வரை.

“என்ன ஜேசங்பாய்” என்று ஒரு காலை ஊன்றி நின்றான் வால்ஜி. “உங்க கோதுமைக்குக் காமாலையா? பாட்டில் பால் குடுத்து வளத்த பிள்ளை இப்படித்தான் சவலையா இருக்கும்.”

“வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா.”

“போர்டை மட்டும் நல்லாத் துடைச்சு வையுங்க. பேரு பளிச்சுன்னு தெரியணும்ல, யாரு வயலு காஞ்சுதுன்னு.”

அவ்வளவுதான். ஒரு சைக்கிள்காரன் ஊன்றின காலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஜேசங்பாய்க்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மண்டலிக்குப் போனார். குமாஸ்தாவிடம், “சமு வேண்டாம்னு சொன்ன மூட்டை இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. வீட்டு மூட்டைதானே என்று குமாஸ்தாவும் மூன்றையும் கொடுத்துவிட்டான்.

மறுநாள் விடியலில் பனி கெட்டியாக இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் நிழலுருவம் மட்டும்தான் தெரிந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார், மண் ஈரம். இரண்டு மூட்டைகளைப் பாட்டில் பக்கத்தில் இறைத்தார். நாற்பது வருஷம் யூரியா இறைத்த கை, அதற்கு வெளிச்சம் தேவையில்லை. பாதியில் வரப்புக்கு அப்பால் ஏதோ அசைந்தது. நீலமான்தான் பயிர் மேய வந்துவிட்டதென்று “ஹேய்! ஹாட்!” என்று அதட்டினார். அது துள்ளி ஓடவில்லை, கொஞ்சம் நின்று மெதுவாக நடந்து போனது. பனியில் மானுக்கும் வழி தெரியாது போல என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் பயிர் தேறியது, ஆனால் அவர் மனம் தேறவில்லை. இன்னும் கொஞ்சம் கறுத்தால் தேவலை என்று தோன்றியது. எட்டாம் நாள் விடியலில் மூன்றாவது மூட்டையையும் கொண்டுபோய் இறைத்தார். காலி சாக்குகளை மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டி படுக்கிற வைக்கோலுக்குக் கீழே திணித்தார். சொன்ன தேதியில் ஜாகிருதிபென் வந்து இரண்டாம் தெளிப்பும் தெளித்துவிட்டுப் போனாள். மாசிக்குள் பாட்டில் பக்கம் மூட்டைப் பக்கத்தை மிஞ்சிக் கரும்பச்சையாக நின்றது. மக்வானா சாகேப் வந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். “நானே இவ்வளவு எதிர்பாக்கலை காகா” என்றார்.

அடுத்த வரப்பில் சமுவின் மூன்று பிகா மஞ்சளாக நின்றது. அவள் நிலம் மணல்பாங்கு, பிடித்துவைக்கும் சக்தி குறைவு. இன்னொரு கை யூரியா இருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ. அதற்குள் மண்டலியில் மூட்டை தீர்ந்து, கதவில் ‘ஸ்டாக் இல்லை’ என்று தொங்கிக்கொண்டிருந்தது.

வயல்விழாவுக்குச் சாமியானா போட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து நூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஜேசங்பாய்க்குச் சால்வை போட்டு, வெள்ளைத் தலைப்பாகைக்கு மேல் மாலையும் போட்டார்கள். தட்டில் ஊற்றிய டீயை அவர் உறிஞ்சும்போதுகூடப் போட்டோ எடுத்தார்கள். பயிரைத் தடவித் தடவிப் பார்த்தவர்கள், அடுத்த வருஷம் தாங்களும் மூட்டையை விட்டுவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது அவர் கை மாலைவரை போனது. இருந்தும் கழற்றவில்லை.

வால்ஜி எழுந்தான். “சாகேப், இதே பாட்டிலைத்தான் அடுத்த வயலும் குடிச்சுது. அதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்களேன்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாகேப் சமுவின் வரப்புவரை போய் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தார். பெண்கள் பக்கம் முக்காட்டோடு நின்றவளைக் கூப்பிட்டு, “எப்படிம்மா தெளிச்சீங்க?” என்று தன்மையாகத்தான் கேட்டார்.

ஜேசங்பாய் டீத் தட்டையே பார்த்தார். சமு ஜம்குவின் காதில் ஏதோ சொன்னாள். ஜம்கு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கூட்டத்துக்குச் சொன்னாள்:

“உச்சி வெயில்ல தெளிச்சுட்டாளாம். கலக்குற அளவையும் மறந்துட்டாளாம். தப்பு தன்னோடதுதான், பாட்டிலோடது இல்லைங்கறா.”

“பாத்தீங்களா?” என்றார் சாகேப் மைக்கில். “அதனாலதான் முறை முக்கியம்னு சொல்றோம். சந்தேகம்னா ஜேசங்காகாகிட்டக் கேளுங்க.”

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவர், “பொம்பளைங்க பம்பு பிடிச்சா இப்படித்தான்” என்றார். ஜேசங்பாயும் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்க முடியுமென்றால், பிற்பாடு அவர் எட்டு பிகாவையும் எழுதிக் கொடுத்திருப்பார்.

சாயங்காலம் ஜம்கு தட்டில் கம்பு ரொட்டியை வைத்தாள். வைத்த கை சத்தமாக வைத்தது.

“அவ உச்சி வெயில்ல தெளிக்கலை” என்றாள். “ரெண்டு தடவையும் நான் கூட நின்னேன். சாயங்காலம்தான் தெளிச்சா. மூடியில அளந்து, ரெண்டு தரம் எண்ணி ஊத்தினா.”

“அப்புறம் ஏன் அப்படிச் சொன்னா?”

“அதைத்தான் நானும் கேட்டேன். முதல்ல வாயே திறக்கலை, அப்புறம் சொன்னா.” ஜம்கு அவரைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். “நீலமானை விரட்ட விடியல்ல வயலுக்குப் போனாளாம். பனிக்குள்ள உங்க கை இறைச்சுக்கிட்டு இருந்துச்சாம். நீங்க அவளை ‘ஹாட்’னு வெரட்டினீங்களாமே.”

ஜேசங்பாய் பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார்.

“உங்க மூட்டையை உங்க ஜேட்ஜியே எடுத்துட்டுப் போயிட்டாருன்னு குமாஸ்தா அதுக்கு முந்தின நாள் சொன்னப்பகூட, ஏதோ அவசரத்துக்குன்னு நினைச்சாளாம்.” ஜம்குவின் குரல் உடைந்தது. “நூறு பேருக்கு நடுவுல ஜேட்ஜியோட லாஜ் போயிடக் கூடாதுன்னு சொன்னேன்கறா. கேட்டீங்களா? உங்க லாஜ்! அவளோடதை எடுத்து உங்களுக்குப் போத்திட்டுப் போயிட்டா. நீங்க சால்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க.”

அவமானம் என்றால் ஊர் சிரிப்பது என்றுதான் ஜேசங்பாய் அதுவரை நினைத்திருந்தார். ஊரே கைதட்டும்போதும் ஒருத்தனுக்கு அவமானமாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் போர்டைத் துடைக்கவில்லை. வயலுக்கே சுற்றுவழியாகப் போனார். தூரத்தில் ஒரு முக்காட்டைப் பார்த்தால் ஓடைக்குள் இறங்கி நின்றுகொண்டார். நாளைக்குச் சொல்லிவிடலாம், சந்தை கழியட்டும், சாகேப் வரட்டும் என்று ஒரு மாதம் தள்ளினார். அவர் தள்ளத் தள்ள, பக்கத்து வயலில் கதிர் சிறுத்தே முற்றியது.

ஹோலிக்கு விர்சங் வந்தான். வந்தவன் வயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தன் வீட்டு முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்தான். மறுநாள் காலையிலேயே வால்ஜி ஆஜர். தட்டில் பேரீச்சம்பழமும் சோளப்பொரியும் வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் ஜேசங்பாய் தன் கொட்டகையில் நின்றபடி சுவர் வழியாக எல்லாம் கேட்டார்.

“அப்ப மழைக்காலத்துலேருந்து நான் உழறேன்” என்றான் வால்ஜி.

“எடுத்துக்க” என்றான் விர்சங். “சமு, பெட்டியைக் கட்டு.”

பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள் ஒருத்திதான் அந்த வீட்டில்.

ஜேசங்பாய் குனிந்து வைக்கோலுக்குள் கையை விட்டார். இரண்டு சாக்குகளை இழுத்தார். மூன்றாவதும் விரலில் தட்டுப்பட்டது. அதை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று கேட்டால், இரண்டு என்றால் ஒரு விடியல், ஒரு பலவீனம், யாருக்கும் நடக்கக்கூடியது. மூன்று என்றால் எட்டு நாள் யோசித்துத் திரும்ப வந்தது. உண்மையைச் சொல்லப் புறப்பட்ட மனிதன்கூட, அதைக் கொஞ்சம் வெட்டித் தைத்துத் தன் அளவுக்கு ஆக்கிக்கொண்டுதான் போகிறான்.

தம்பி வீட்டு முற்றத்தில் நுழைந்து சாக்குகளைக் கட்டில் முன்னால் போட்டார். அடுக்களை வாசலில் ஜம்குவோடு நின்ற சமு முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“விர்சங், பெட்டியைக் கட்ட வேணாம்னு சொல்லு. அவ ஒரு தப்பும் பண்ணலை. என் வயலு பாட்டில்ல விளையலை. அவ விட்டுக்குடுத்த மூட்டையை நான் எடுத்துட்டு வந்து பனியில இறைச்சேன். இதோ சாக்கு, ரெண்டு. அந்த பாட்டில் வேலை செஞ்சுதா இல்லையான்னு பாக்கத்தான் போர்டு நட்டாங்க. இப்ப அது எனக்கும் தெரியாது, சாகேப்புக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான் கெடுத்துட்டேன்.”

வால்ஜி பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“ஆஹா ஜேசங்பாய்! தம்பி பொண்டாட்டி பேரைக் காப்பாத்த என்னமாக் கதை கட்டுறீங்க. காலி சாக்கு யாரு வீட்டுலதான் இல்ல?”

விர்சங் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. “மோட்டாபாய், எங்களுக்காக நீங்க பழியை ஏத்துக்க வேணாம். உங்க மனசு எனக்குத் தெரியாதா? அவ பண்ணின தப்புக்கு நீங்க ஏன்?”

அந்த நிமிஷம் ஜேசங்பாய்க்கு உள்ளே இனித்தது. எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனால் இனித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் ஆயிற்று, பெயரும் போகவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் போதும். குனியவும் செய்தார்.

“மூணு.”

யார் பேசினது என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. கொஞ்சம் கரகரத்த, நிதானமான குரல். அடுக்களை வாசலில் முக்காடு அப்படியே தொங்கியது. ஆனால் அது ஜம்குவின் பக்கம் திரும்பவில்லை, நேராக அவர் பக்கம் பார்த்து நின்றது.

“மூணு மூட்டை, ஜேட்ஜி. முதல் நாள் ரெண்டு. எட்டு நாள் கழிச்சு ஒண்ணு. அன்னைக்கும் நான் அங்கதான் இருந்தேன்.”

விர்சங் பிடித்திருந்த கையை விட்டான். வால்ஜியின் வாயில் அடுத்த பழம் மெல்லப்படாமல் நின்றது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரிடம் பேசியிருக்கிறாள். கத்தவில்லை, திட்டவில்லை, விட்டுப்போனதை மட்டும் எடுத்து வைத்தாள்.

ஜேசங்பாய் வீட்டுக்குப் போனார். தெரு நிறைய வண்ணப்பொடி பூசின ஜனம். கன்றை நகர்த்தி, மூன்றாவது சாக்கை இழுத்து, சாணி ஒட்டினபடியே கையில் எடுத்துக்கொண்டு அதே ஜனத்துக்கு நடுவே திரும்பி வந்தார். “என்ன காகா, ஹோலிக்கு உரம் போடுறீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். “ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டுட்டேன்” என்றார். சாக்கை மற்ற இரண்டின் மேல் வைத்தார்.

“மூணு” என்றார். “நாளைக்குச் சாகேப்கிட்டயும் மூணுன்னு சொல்றேன். வயல்விழாவுக்கு வந்த ஊருக்கெல்லாம் போய்ச் சொல்றேன்.”

வால்ஜி செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான். விர்சங் மூன்று சாக்குகளையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொன்னான். அடுத்த போகத்துக்கு என்ன விதைக்கலாம் என்றும் அவளையே கேட்டான்.

அவள் என்ன சொன்னாள் என்பது ஜேசங்பாய் காதில் விழவில்லை. வேர்வையைத் துடைக்கத்தான் தோள்துண்டை எடுத்தார். எடுத்த துண்டை முகத்தை விட்டு இறக்க முடியாமல், முற்றத்து நடுவில் அப்படியே நின்றார்.